ஒளிக்கும் ஓர் ஒத்திகை



நாடகம் என்றவுடன் உங்கள் நினைவில் முதற்கண் தோன்றுவன யாவை? நடிகரின் பேச்சு, பாட்டு, வேடம், திரைச்சீலை ஆகியவையே. விளக்கைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. அஃது ஒழுங்காக எரியும்வரை அதனை மறந்திருக்கிறோம். அணைந்துவிட்டாலோ, அரங்கமே எழுந்து கூச்சலிடுகிறது. இவ்வாறு மறக்கப்படும் விளக்கை இக்காலத்தில் கணிப்பொறியின் துணைகொண்டு எவ்வாறு ஆளுகிறார்கள், அதற்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். நான் பொறியியல் கற்றவன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் நடத்தியவன். அவற்றுள் பெரும்பாலான ஆண்டுகளில் ஆண்டுவிழா நாடகத்தைக் கட்டிக்காக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பொறுப்பு என்னை விட்டபாடில்லை.

விளக்கை எங்கே வைப்பது என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை இளங்கோவடிகள் கணக்காகவே கூறுகிறார். 24 பெருவிரல் அளவு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து மேடையின் உயரம் 1, மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4. புகவும் போகவும் இரண்டு வாயில்கள், மூவகைத் திரைகள். இத்தனையும் சொன்னவர் விளக்கையும் விட்டுவிடவில்லை. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் படியாமல் புறத்தே போய் விழுமாறு விளக்கு அமைந்திருந்தது என்கிறார். தேர்வுக்காகப் படித்தபோது இந்தச் செய்தியை நீங்கள் விரைந்து கடந்துபோயிருப்பீர்கள். ஒரு முறையேனும் மேடையில் விளக்குக் கட்டிப் பார்த்தவனுக்கு அதன் அருமை விளங்கும். வெளிச்சம் உண்டாக்குவது எளிது. வேண்டாத நிழலை அகற்றுவதுதான் பாடு.

எங்கள் கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையிறங்கினால் நிலம்பூர். அதற்கும் தெற்கே சென்றால் பாலக்காட்டு நாடு. அந்நாட்டுப் பகவதி கோயில்களில் தோற்பாவைக் கூத்து நிகழ்த்தும் புலவர்கள், மலையாள நாட்டில் ஆடினும், பாடுவது கம்பராமாயணப் பாடல்களையே. வெண்திரைக்குப் பின்னால், தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து, 21 விளக்குகளை ஒரே வரிசையில் ஏற்றி வைப்பர். பாவையைத் திரையை ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாகும். விளக்கின் பக்கம் இழுத்தால் அது பெருத்து மங்கும். அங்கே விளக்குகள் அசைவதில்லை, கூடுவதும் குறைவதும் இல்லை. பாவையே ஒளியைத் தேடிச் செல்கிறது. நம் தெருக்கூத்திலும் அப்படித்தான். பந்தமாயினும், பின்னாளில் வந்த பெட்ரோமாக்ஸ் ஆயினும், விடியும்வரை ஒரே சீராக எரியும். நடிகன் முன்னே வந்தால் முகம் தெரியும், பின்னே போனால் மங்கும். ஒளியை மனிதனின் விருப்பத்திற்குக் கூட்டிக் குறைப்பது என்பது அதற்குப் பின் வந்த கதை.

அந்தக் கதையில் 1881-ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் நகரில் சவோய் நாடக அரங்கு திறக்கப்பட்டது. முழுவதும் மின்விளக்கால் ஒளிபெற்ற முதற் பொதுக்கட்டடம் என்று அதனைக் கூறுவர். ஏறத்தாழ 1,200 விளக்குகள். ஆயினும் முதலில் வைத்த மின்னாக்கியின் ஆற்றல் போதாமையால் மேடையில் மட்டும் சில வாரங்கள் எரிவாயு விளக்கே எரிந்தது. இதற்கிடையில் டிசம்பர் 8-ஆம் நாள் வியன்னா நகரத்து ரிங் நாடக அரங்கில் எரிவாயு விளக்கிலிருந்து தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அரங்கு என்றாலே மக்கள் அஞ்சிய நாள்கள் அவை. டிசம்பர் 28-ஆம் நாள் சவோய் அரங்கின் மேடைக்கும் மின்னொளி வந்தபோது, அரங்கின் உரிமையாளர் டாய்லி கார்ட் மேடையேறி, எரிந்துகொண்டிருந்த மின்குமிழ் ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் உடைத்துக் காட்டினார். தீ எழவில்லை, விளக்கு அணைந்தது, அவ்வளவே. ஓர் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: அதைவிட நல்ல செய்முறைப் பாடம் ஒன்றை நான் அறியேன்.

மின்விளக்கு வந்தபின் அதனை மங்கச் செய்வதற்கு மின்தடைக் கம்பிகளைப் பயன்படுத்தினர். விளக்குக்குப் போகவேண்டிய மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்குவதே அதன் வழி. விளக்குக்கு ஒரு நெம்புகோல். நெம்புகோல்கள் மிகுந்தால் ஆள்களும் மிகுவர். மாலைப்பொழுது மெல்ல இருளவேண்டும் என்றால், நாலைந்து பேர் ஒரே வேகத்தில் கைகளை இறக்கவேண்டும். ஒருவர் முந்தினால் சூரியன் இரண்டாக மறையும்! 1975-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துப் பிராட்வேயில் 'எ கோரஸ் லைன்' என்னும் நாடகத்திற்கு ஒளியமைத்த தாரன் மஸ்ஸர் என்ற அம்மையார், நினைவாற்றல் கொண்ட மின்னணுப் பலகையை அங்கே முதன்முதலில் பயன்படுத்தினார். எந்த விளக்கு எவ்வளவு எரியவேண்டும் என்பதை மனிதர் நினைவில் வைக்கும் காலம் அத்துடன் மாறத் தொடங்கியது.

நம் நாட்டில் அத்தகைய கருவிகள் எவையும் இல்லாத நாளிலேயே வியத்தகு செயல் புரிந்தவர் தாபஸ் சென். 1924-இல் பிறந்து 2006-இல் மறைந்தவர். 1959-ஆம் ஆண்டுக் கல்கத்தாவில், உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து ஏறுவதை ஒளியால் காட்டினார். மேடையில் ஒரு துளி நீர் இல்லை. பார்த்தவர்கள் தங்கள் கழுத்தளவுக்கு நீர் வந்ததாகவே உணர்ந்திருப்பார்கள். அதே ஆண்டில் 'சேது' என்ற நாடகத்தில் புகைவண்டி ஒன்றை ஒளியாலும் ஒலியாலும் மேடைக்கு வரவழைத்தார். தமிழ்நாட்டிலும் நவாப் இராஜமாணிக்கம் அவர்களின் குழு காட்சிச் சிறப்புக்குப் பெயர் பெற்றிருந்தது. 1954-இல் நேஷனல் தியேட்டர்ஸ் குழுவைத் தொடங்கிய ஆர். எஸ். மனோகர் தம் புராண, வரலாற்று நாடகங்களில் ஒளித் தந்திரங்களைக் கையாண்டு மக்களை வியக்கவைத்தார். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் நடைபெற்று வந்த ஒலி–ஒளிக் காட்சியை உங்களுள் சிலர் சுற்றுலாவில் கண்டிருக்கலாம். நடிகர் ஒருவரும் இல்லை. குரல் எங்கிருந்தோ ஒலிக்கிறது. ஒரு தூண் வரிசை சிவக்கிறது, மற்றொன்று நீலமாகிறது. நாயக்கர் வரலாற்றோடு சிலம்பின் கதையும் அங்கே சொல்லப்பட்டது. குரலும் விளக்கும் கணம் பிசகாமல் ஒத்துச்செல்ல வேண்டிய இடம் அது.

இனி நம் பொருளுக்கு வருவோம். கணிப்பொறி விளக்கோடு பேச ஒரு மொழி வேண்டும். அம்மொழிக்கு டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். 1986-ஆம் ஆண்டு அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று வகுத்தது. ஒரே கம்பி வடத்தில் 512 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 0 முதல் 255 வரை ஓர் எண். இந்த மொழியில் இதைத் தவிர வேறு சொற்களே இல்லை. 0 என்றால் அணைவு. 255 என்றால் முழு ஒளி. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் இதனைக் குறித்துக்கொள்ளலாம். வினாடிக்கு 2,50,000 துணுக்குகள் அவ்வடத்தில் ஓடுகின்றன. ஒரு தடத்திற்கு 11 துணுக்குகள் தேவை. ஆகவே ஒரு தடத்தைச் சொல்லி முடிக்க ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் 44 பங்கு ஆகும். 512 தடங்களையும் சொல்லி முடித்து மீண்டும் தொடங்க, வினாடிக்கு ஏறத்தாழ 44 முறை முடியும். 'ஒரு முறை சொன்னால் போதாதா?' என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். விளக்குகள் மறுமொழி பேசுவதில்லை. கேட்டதா இல்லையா என்பதை அவை தெரிவிக்கமாட்டா. ஆதலால் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளோடு போராடியவர்களுக்கு இது புரியும்.

எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், பழைய மாணவர்கள் சேர்ந்து எல்.இ.டி. விளக்குகள் எட்டு வாங்கித் தந்தனர். ஒவ்வொன்றிலும் நான்கு தடங்கள்: சிவப்பு, பச்சை, நீலம், மொத்த ஒளி. எட்டு நான்கு முப்பத்திரண்டு தடங்கள். முதல் விளக்கின் முகவரி 1, இரண்டாவது 5, மூன்றாவது 9. இப்படியே எட்டாவதன் முகவரி 29. முகவரியை விளக்கின் முதுகில் உள்ள பொத்தான்களால் அமைக்கவேண்டும். இரண்டு விளக்குகளுக்கு ஒரே முகவரி கொடுத்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப்போல ஒன்றாகவே நடந்துகொள்ளும். சில வேளைகளில் அதுவே நமக்கு வேண்டியதாகவும் இருக்கும்.

மின்செலவையும் கணக்கிட்டோம். ஒரு விளக்குக்கு 54 வாட். எட்டுக்கு 432 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர்தான். முன்னாளில் 500 வாட் ஆலசன் விளக்குகள் எட்டை ஏற்றினால் 4,000 வாட், அதாவது 17 ஆம்பியருக்கு மேல். பள்ளிக்கூடத்தின் 15 ஆம்பியர் இணைப்பு அதைத் தாங்காது. ஃபியூஸ் கம்பி போய்விடும். இன்று சிற்றூர்ப் பள்ளியும் மேடைக்கு ஒளியமைக்கலாம் என்றால், அதற்குக் கணிப்பொறி பாதிக் காரணம். மீதிப் பாதி இந்தச் சிக்கனம்.

மென்பொருள் பலவுண்டு. பெரிய அரங்குகளில் இலட்சக்கணக்கான ரூபாய் விலையுள்ள பலகைகளைக் காணலாம். பள்ளிக்கு அவை எட்டாக்கனி. எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தியது க்யூ.எல்.சி. பிளஸ் என்னும் மென்பொருள். பின்லாந்து நாட்டினரான ஹெய்க்கி யுன்னிலா தொடங்கிய முன்னோடி மென்பொருள் ஒன்றிலிருந்து கிளைத்து, இத்தாலியரான மாசிமோ கல்லேகாரியின் முயற்சியால் வளர்ந்தது. விலை கிடையாது, மூலநிரலும் எவர்க்கும் திறந்திருக்கிறது. பழைய மடிக்கணினி ஒன்றும், அதிலிருந்து விளக்கு வடத்திற்குப் பாலமாகும் சிறு இணைப்பான் ஒன்றும் இருந்தால் போதும். மென்பொருளிடம் முதலில் நம்மிடம் உள்ள விளக்குகள் எவை, அவற்றின் முகவரிகள் எவை என்று பதிவு செய்யவேண்டும். பள்ளி திறந்த முதல் நாளில் வருகைப் பதிவேடு எழுதுவது போன்ற வேலை அது. சலிப்பூட்டும், ஆனால் அதில் பிழைத்தால் ஆண்டு முழுவதும் குழப்பம்.

அடுத்ததாக வருவதை அவர்கள் 'சீன்' என்கிறார்கள். நாடகத்துக் காட்சியோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆகையால் நான் 'ஒளிநிலை' என்று சொல்லி வருகிறேன். ஒரு கணத்தில் எல்லா விளக்குகளும் எந்தெந்த எண்ணில் நிற்கின்றன என்பதன் பதிவே ஒளிநிலை. ஒரே நாடகக் காட்சிக்குள் பத்து ஒளிநிலைகள் வரலாம். ஒளிநிலைகளை வரிசையாகக் கோத்தால், அவ்வரிசையில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு 'கியூ'. எத்தனை வினாடியில் மலர்வது, எவ்வளவு நேரம் நிற்பது, எத்தனை வினாடியில் மறைவது என்று மூன்று கால அளவுகளை ஒவ்வொரு கியூவுக்கும் குறிக்கலாம். நிற்கும் நேரத்தை முடிவிலி என்று வைத்துவிட்டால், இயக்குபவர் பொத்தானை அழுத்தும்வரை விளக்குகள் அப்படியே காத்திருக்கும். பள்ளி நாடகத்திற்கு இதுவே உகந்தது. நடிக்கும் பையன் வசனத்தை மறந்து விழிக்கலாம். அவை கைதட்டி நேரம் கடத்தலாம். கடிகாரத்தை நம்பி விளக்கை விட்டால், அவன் அழுது முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

நாடகப் பிரதியின் ஓரத்தில் கியூ எண்களைப் பென்சிலால் எழுதவேண்டும். பேனாவால் எழுதாதீர்கள், ஒத்திகைதோறும் மாறும். ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையே புதிதாக ஒன்று வேண்டுமானால் பின்னால் உள்ள எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிரதியில் அதற்கு 7.5 என்று பெயரிட்டால் முடிந்தது. தசம பின்னத்தால் என்ன பயன் என்று கேட்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். மேடை நெறியாளர் 'ஆயத்தம் பன்னிரண்டு' என்று முன்கூட்டிச் சொல்வார். உரிய சொல் வந்ததும் 'விடு' என்பார். 'விடு' என்ற அந்தச் சொல்லை வேறு எதற்கும் அந்த இரண்டு மணி நேரம் எவரும் உச்சரிக்கக் கூடாது. எங்கள் குழுவில் வீட்டில் தமிழ் பேசுவோர், மலையாளம் பேசுவோர், கன்னடம் பேசுவோர் என மூவகைப் பிள்ளைகளும் இருந்தனர். கூடலூரில் அஃது இயல்பு. கட்டளைச் சொல் எதுவாக இருக்கவேண்டும் என்பதை அவர்களே ஒரு மாலை முழுவதும் வாதிட்டு முடிவு செய்தனர்.

அவர்கள் மேடையேற்றிய நாடகத்தின் பொருளைச் சொல்லவேண்டும். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமையின்றி வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்பது அதன் கணக்கு. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரிப்பதென்று 1974-இல் மற்றோர் உடன்பாடு ஏற்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பலர் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுவே பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் உள்ள பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலர் அவர்களுடைய பேரப் பிள்ளைகள். தங்கள் பாட்டன் பாட்டியின் பயணத்தையே அவர்கள் நாடகமாக எழுதினர்.

நாடகத்தின் தொடக்கம் இலங்கைத் தோட்டத்து விடியற்காலை. ஒளியமைக்கும் பொறுப்பை ஏற்ற பதினோராம் வகுப்பு மாணவி, மிக அழகாக ஒரு விடியலைச் செய்திருந்தாள். பின்விளக்குகளில் நீலம் 160. அது 90 வினாடியில் மெல்லக் கரைந்து, சிவப்பு 255, பச்சை 140, நீலம் 40 என்னும் பொன்னிறம் மேடையெங்கும் பரவும். ஒத்திகை பார்க்க அவளுடைய பாட்டி வந்திருந்தார். எழுபதைக் கடந்தவர், கொழுந்து பறித்தே கைவிரல்கள் கறுத்துப்போனவர். பொன்னிறம் பரவியதும் அவர் சிரித்தார். 'வாத்தியாரய்யா, இது யார் வீட்டு விடியல்? எங்களுக்கு விடியறதுக்கு முந்தியே பெரட்டுக்குத் தப்பு அடிச்சிடுவாங்க. வெளிச்சம் வானத்துல வராது. அடுப்புலதான் முதல்ல வரும்' என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டம். பொழுது புலரும் முன் லயத்து வீட்டில் எழுந்து, அடுப்பு மூட்டி, தேநீர் குடித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போய் நிற்கவேண்டும்.

அந்தப் பெண் ஒரு சொல்லும் பேசாமல் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். ஏழாம் விளக்கைக் கழற்றித் தரையில் வைக்கச் செய்தாள். மூன்றாம் கியூவில் மேடை முழுதும் இருள். அடுப்பு மட்டும், சிவப்பு 200, பச்சை 70, நீலம் 0, நான்கு வினாடியில் எழுந்தது. முகங்கள் கீழிருந்து ஒளிபெற்றன. நிழல்கள் பின்சுவரில் பெரிதாக ஆடின. நான்காம் கியூவில்தான் சன்னல் நீலமாகத் தெரியத் தொடங்கியது, அதுவும் 60 வினாடியில். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு ஒளிநிலையும் முந்தையதன் இடத்தில் வந்து அமர்வது. ஆகவே மூன்றாவதில் எரிந்த அடுப்பு நான்காவதிலும் எரியவேண்டுமானால் அதன் எண்களை நான்காவதிலும் எழுதவேண்டும். எழுத மறந்தால் சன்னல் வெளுக்கும்போது அடுப்பு அணையும். அவள் மறக்கவில்லை. பொன்னிற வெயிலை ஒன்பதாம் கியூவுக்கு, அதாவது மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் இடத்திற்குத் தள்ளிவிட்டாள்.

வேறொரு தொல்லையும் வந்தது. நீலம் மிக மங்கலாகத் தொடங்கும்போது படிப்படியாகக் குதிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. 256 படிகள்தாம் உள்ளன அல்லவா? ஒளி மிகுந்திருக்கையில் ஒரு படி கூடினால் நம் கண் அறியாது. இருளில் 2 என்பது 3 ஆனால் அஃது ஒன்றரை மடங்கு, உடனே அறிந்துவிடும். விலையுயர்ந்த விளக்குகளில் ஒரே ஒளிக்கு இரண்டு தடங்கள் வைத்து 65,536 படிகளாகப் பகுத்திருப்பார்கள். எங்களிடம் அவை இல்லை. எனவே 0-இலிருந்து தொடங்காமல், மேடை மாறும் இருட்டிலேயே 12 வரை ஏற்றி வைத்துவிட்டு, அங்கிருந்து மலரச் செய்தாள். பழைய இழை விளக்குக்கு இந்தத் துன்பம் இல்லை. அது மங்கும்போது தானாகவே செம்மஞ்சள் நிறமும் கொள்ளும். எல்.இ.டி. விளக்கோ எத்தனை மங்கினாலும் நிறம் மாறாது. வெப்பத்தின் சாயலை நாமே கலந்து கொடுக்கவேண்டும்.

ஆடிமாதத்து மழையில் ஒத்திகை நடந்தது. கூடலூரின் தென்மேற்குப் பருவமழையை அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மின்சாரம் போகும், வரும். போனால் விளக்குகள் அணையும். மடிக்கணினி மட்டும் தன் மின்கலத்தில் விழித்திருக்கும். கியூ எண் அதில் அப்படியே நிற்பதால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நில இணைப்பு இல்லாத செருகியை மேடைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்றும், ஈரக் கையால் எவரும் விளக்கைத் தொடக் கூடாது என்றும் நான் கடுமையாகவே சொல்லி வைத்தேன். மென்பொருள் கற்பது விரைவில் முடியும். ஏணியில் ஏறுபவனுக்குக் கீழே ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்பதைக் கற்பிக்க நெடுநாள் ஆகிறது.

கலியாண மண்டபங்களில் நீங்கள் காணும் சுழலும் விளக்கு, வெட்டிவெட்டி மின்னும் விளக்கு ஆகியவற்றையும் மென்பொருள் எளிதாகச் செய்யும். அதுவே அதன் ஆபத்து. எட்டு விளக்கும் எட்டு நிறமாக ஓடுவதை முதல் நாளில் எல்லாப் பிள்ளைகளும் செய்து பார்த்தனர். செய்து பார்க்கட்டும் என்று விட்டேன். மறுநாள் அவர்களாகவே அதனை நீக்கினர். ஆனால் வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் வெட்டும் ஒளி, வலிப்பு நோயுள்ள சிலருக்குத் தீங்கு செய்யக்கூடும். அதனை மட்டும் தொடவே வேண்டாம் என்று தடுத்தேன்.

நாடகத்தின் நடுவே ஒரு பிரிவு. அக்காளுக்கு இந்தியக் குடியுரிமை. தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. ஒப்பந்தத்தின் கணக்கில் ஒரே குடும்பம் இவ்வாறு இரண்டாகப் பிரிந்ததும் உண்டு. மேடையின் வலப்புறம் அக்காள், இடப்புறம் தம்பி. இருவர்மேலும் தனித்தனி ஒளிவட்டம். இருபத்துமூன்றாம் கியூவில், கப்பல் நகர்கையில், தம்பியின் ஒளியை 20 வினாடியில் 0-க்கு இறக்கிவிடவேண்டும் என்றார் நாடகப் பொறுப்பாசிரியர். அதற்குக் காரணம் இருந்தது: கதை இனி அக்காளோடு செல்கிறது; பார்ப்பவர் கண்ணும் அவளோடு செல்லவேண்டும். மாணவி ஒப்பவில்லை. 'ஐயா, விளக்கை அணைத்தால் அவர் இறந்துவிட்டார் என்று நினைப்பார்கள். பாட்டியின் தம்பி இறக்கவில்லை. அங்கேயே இருந்தார், கொழுந்து பறித்தார், கடிதம் எழுதினார்' என்றாள். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. இருவரும் என்னைப் பார்த்தனர்.

மேடை மொழியில் இருள் என்பதற்கு இரண்டே பொருள்கள்: ஒன்று, காட்சி முடிந்தது, மற்றொன்று, ஆள் முடிந்தான். மூன்றாவது பொருளை அவையோர் தாமாகக் கண்டுகொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நான் அந்தப் பெண்ணின் பக்கமே பேசினேன். முடிவில் தம்பியின் ஒளி 220-இலிருந்து 60-க்கு இறங்குவது, அங்கேயே நிற்பது என்று ஏற்பாடாயிற்று. அதற்குப் பின்வந்த எல்லா ஒளிநிலைகளிலும், மண்டபம் முகாமிலும், மலைக்கு வரும் லாரியிலும், கூடலூரில் முதன்முதலாகக் காடு திருத்தும் காட்சியிலும், இடப்புறத்து அந்த 60-ஐ எழுத வேண்டியிருந்தது. மொத்தம் 18 இடங்கள். தம்பியாக நடித்த ஒன்பதாம் வகுப்புப் பையன் நாடகம் முடியும்வரை அந்த மங்கிய வெளிச்சத்தில், வாய் திறவாமல், கூடையைப் பின்னிக்கொண்டு அமர்ந்திருந்தான். அவனுக்கு அது பிடிக்கவில்லை, ஆயினும் செய்தான்.

நாடகத்தன்று 41 கியூக்கள். எழுதிய கோப்பினை இரண்டு நினைவுக் கோல்களில் படியெடுத்து, ஒன்றை மேடை நெறியாளரிடமும் ஒன்றைத் தலைமையாசிரியர் மேசையிலும் வைத்திருந்தனர். கியூப் பட்டியல் தாளிலும் இருந்தது. திருத்தும் நிலையிலிருந்து இயக்கும் நிலைக்கு மென்பொருளை மாற்றிவிட்டால், விரல் தவறிப் பட்டாலும் எண்கள் மாறா. அதனையும் மறவாமல் செய்தனர். மின்சாரம் அன்று போகவில்லை. பாட்டியை முதல் வரிசையில் அமர்த்தியிருந்தனர். இருபத்துமூன்றாம் கியூ வந்தபோது நான் அவரைப் பார்க்கவில்லை. பார்ப்பது முறையன்று என்று தோன்றியது.

மறுநாள் அந்த மாணவியின் கியூக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். நாடகம் முடிந்த இரவிலேயே எழுதியிருக்கிறாள். கியூ 9: பொன்னிறம் மிகை, பச்சையைக் குறைக்க. கியூ 14: 'விடு' கேட்கவில்லை, மழைச் சத்தம். கியூ 23: 20 வினாடி போதவில்லை, 35.